குனியாத வண்டி

காருக்கும் எனக்கும் எந்த ஒட்டு உறவும் கிடையாது. நான் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். ராசிபுரத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து, தறியே வேண்டாம் சாமி என்று ஓடிவந்து, நாமக்கல்லில் கித்தானைப் பிடித்துக்கொண்டவன். கார் என்பது கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற சாமான் என்பதுதான் என் எண்ணம். அதில் வேகம் கூட்டுகிறேன், சத்தம் கூட்டுகிறேன் என்று பிள்ளைகள் அலைவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற கதை வரும்போது, இவனும் ஒரு கார்ப் பைத்தியம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

என் கடைக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் செங்கோடன் கவுண்டரின் பாடி பட்டறை. வெறும் எலும்புக்கூடாக வரும் புது லாரிக்குக் கேபினும் தொட்டியும் கட்டி, பூவும் மயிலும் எழுதி, மாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைக்கிற இடம். விடிந்ததிலிருந்து வெல்டிங் பொறி பறக்கும். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்றால் மண்டை காயும். அந்த வெயிலிலும் கவுண்டர் சட்டைப் பொத்தானை ஒன்றுகூடத் திறந்துவிட மாட்டார்.

வண்டி எடுக்க வரும் முதலாளிமார் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை பட்டை என்பதுதான். லாரியின் அச்சுக்கு மேல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கும். அதுதான் சுமையைத் தாங்குவது. கம்பெனிக்காரன் வைத்து அனுப்பியதற்கு மேல் ஒன்றோ இரண்டோ சேர்த்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தொங்கக் கூடாது. தொங்கினால் ஓனருக்கு மானக்கேடு. வண்டின்னா குனியக் கூடாது என்பது கவுண்டர் வாயில் தினமும் வருகிற சொல். பேரன் பேத்தி இருந்திருந்தால் தாலாட்டிலும் அதைத்தான் பாடியிருப்பார்.

அவருடைய ஒரே பையன் ஈஸ்வர். பட்டறையில் கை வைக்காத வேலை கிடையாது. வேலை முடிந்தால் தன் வெள்ளை ஸ்விப்ட் காரை எடுத்துக்கொண்டு கொல்லிமலை வளைவுகளில் ஏறி இறங்கிவிட்டு வந்துதான் சோறு தின்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செயின் பிளாக்கில் தொங்கிய இரும்புச் சட்டம் நழுவி அவன் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் கால். நன்றாகத்தான் நடக்கிறான், ஏணிகூட ஏறுகிறான். ஆனால் கிளட்சை அந்தக் கால் உணராது. மிதிபடுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது? அன்றிலிருந்து கார் வீட்டை ஒட்டிய பட்டறை மூலையில் நின்றது. தினம் துடைப்பான். ஏற மாட்டான்.

கிளட்ச் இல்லாத வண்டி வாங்கிக்கொள் என்று சொன்னவர்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி சத்யபிரியா, சேலத்தில் கிளட்சைக் கைக்கு மாற்றிக் கொடுக்கிறார்களாம், அதைத்தான் முதலில் செய்யலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். என் வண்டியை நொண்டி வண்டி ஆக்கப் பார்க்கிறாயா என்று கத்திவிட்டு, ஒரு வாரம் அவள் முகத்தையே பார்க்கவில்லை. சரி, பக்கத்து சீட்டிலாவது உட்கார் என்றால், அதற்கும் மாட்டேன். இடது பக்கம் உட்கார்கிற அன்றைக்கு நான் முடிந்தேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

சத்யபிரியா நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டுக் கோழிப்பண்ணையிலிருந்து தினம் காலையில் முட்டை வண்டி ஓட்டிக்கொண்டு வருவாள். அட்டை அட்டையாக அடுக்கிய முட்டையோடு, குண்டும் குழியுமான பண்ணைத் தடத்தில் அவள் வருகிற வேகத்தைப் பார்த்தால் முட்டை எல்லாம் ஆம்லெட்டாகத்தான் வந்து சேரும் என்று தோன்றும். ஒன்றும் உடைந்திருக்காது. நான் அதைக் கைராசி என்றுதான் நினைத்திருந்தேன்.

மாசியில் ஒரு சேதி வந்தது. சத்யபிரியாவின் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஏரி வற்றிக் கிடக்கிறது, அதில் மண் தடம் போட்டுக் கார் ஓட்டப் போட்டி வைக்கிறார்களாம். புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு. அதில் பாதுகாப்புச் சாமான்கள் போகக் காரில் இரண்டே மாற்றம்தான் செய்யலாம். இரண்டு மாற்றத்துக்கு மேல் கண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். சத்யபிரியா யாரையும் கேட்காமல் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வண்டி உங்களுது, கை என்னுது, என்ன மாத்தணும்னு நீங்களே சொல்லுங்க என்று புருஷனிடம் சொன்னாளாம்.

கவுண்டர் அன்று மத்தியானமே என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் காருக்கு விலை பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். போட்டி அன்றைக்கு ஏரிக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். காரை ஏற்றிக்கொண்டு போக ஒரு மூடு தார்ப்பாய் தைத்துக்கொடு என்றார். பையனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். சொல்லிப்போட்டன். ஓட்டாத வண்டிய ஊட்டுல வெச்சுக்கிட்டு அவன் அத முறச்சுப் பாத்துட்டு நிக்கறத எத்தன நாளைக்குங்க நானும் அவங்கம்மாளும் பாக்கறது? அவ சோறு போட்டு வெச்சுட்டு அழுவறா. அந்த ஓட்டம் முடியட்டும். முடிஞ்சா வண்டி போயிரோணும்."

எனக்கு அவரைக் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. அளவெடுத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன்.

ஈஸ்வருக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டே மாற்றம், அதில் எதை எடுப்பது எதை விடுவது என்று பட்டறை முழுக்க அதே பேச்சு. டீ ஆறிப்போகும், யாரும் குடிக்க மாட்டார்கள். பெயிண்ட் அடிக்கிறவன் ஒன்று சொல்வான், லேத்துக்காரன் ஒன்று சொல்வான். போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்கள் வந்தால், கம்ப்ரசர் பெரிசானால்தானே ஆழம் போகும், இஞ்சினைப் பெரிசு பண்ணு என்பார்கள். ஈஸ்வர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் தன் மனசில் இருந்ததைத்தான் செய்தான். முதல் மாற்றமாக இஞ்சின் மூச்சு விடுகிற வழியெல்லாம் அகலமாக்கி, பெரிய சைலன்சர் மாட்டினான். இரண்டாவது, நான்கு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற சுருள் கம்பிகளைக் கழற்றிவிட்டு, தடித்த கம்பியில் சொல்லிச் செய்த சுருளைப் போட்டான். நின்றுகொண்டே வேலை செய்து செயற்கைக் கால் மாட்டிய இடத்தில் புண் ஆகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் படுத்தான். காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு நல்ல காலையும் ஒரு பிளாஸ்டிக் காலையும் பார்த்துக்கொண்டே நான் மூடு தார்ப்பாய்க்கு ஓரம் அடித்தேன். பாழாய்ப்போன ஊசி அன்று மூன்று தரம் விரலில் ஏறியது.

முடித்துவிட்டு இஞ்சினை எழுப்பினான். அம்மாடி, என் கடைத் தகரம் அதிர்ந்தது. லாரிக்காரர்கள் டீக்கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள். கவுண்டர்கூட வந்து, பின்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். கார் அசையவில்லை. சரிதான் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்பன் தலையாட்டியதில் பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் ஏரிக்குப் போய் ஓட்டிப் பார்த்தார்கள். தார்ப்பாய் அளவு சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் போனேன். வண்டல் வெடித்துக் கிடந்தது. கரையோரம் சீமைக்கருவேலம். நடுவில் ரோலர் ஓட்டிப் போட்ட தடம், அதிலும் வரிவரியாக மேடு. சத்யபிரியா ஓட்டினாள். சத்தம் கரையைத் தாண்டி ஊருக்கே கேட்டது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கார் வெளியே வழுக்கிக்கொண்டு போனது, அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தாள். மதகுப் பக்கத்து வளைவில் தடத்தைவிட்டே போய்ப் புழுதியில் நின்றது.

புண் ஆறாததால் ஈஸ்வர் கையில் ஒரு தடி, அதை ஊன்றிக்கொண்டு வேகமாகப் போனான். வளைவு வருமுன்னே காலை எடுத்துவிடுகிறாய், பயப்படுகிறாய் என்றான். பயமில்லை, வண்டி தரையைப் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றாள். எல்லாம் புதுசு, பிடிக்காமல் என்ன என்றான்.

"அப்ப ஏறி உக்காந்து பாருங்க. வெளிய நின்னு சொன்னா எப்புடீங்க தெரியும்?"

அவன் முகம் இறுகிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, அண்ணா நீங்க உட்காருங்க என்றான். எனக்கு வேண்டாத வேலை, உட்கார்ந்தேன். ஒரே ஒரு சுற்று. பல்லோடு பல் அடித்துக்கொண்டது, தலை கூரையில் முட்டியது, எந்தக் குலசாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இறங்கியதும் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நான் செத்தாலும் தார்ப்பாய்க்குள் சுற்றிப் புதையுங்கள், காரில் ஏற்றாதீர்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சத்யபிரியா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சண்டைக் குரலை விட்டுவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"ஏனுங்க, நாஞ் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. முட்டையேத்திக்கிட்டு வாரப்ப எவ்வளவு வேகத்துல வந்தாலும் வண்டி தடத்தப் புடிச்சுக்கிட்டு வருமுங்க. எறக்கிப்போட்டுத் திரும்பறப்ப, அதே வண்டி, அதே தடம், துள்ளும். அப்ப பிரேக் அடிச்சா நிக்காது, திருப்புனா திரும்பாது. இது எந்நேரமும் எறக்கிப்போட்ட வண்டியாட்டவே இருக்குதுங்க."

ஈஸ்வர் காரின் பின்பக்கம் போய் இரண்டு கையையும் வைத்து அமுக்கினான். அசையவில்லை. தடியைக் கீழே போட்டுவிட்டு முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினான். குனியவே இல்லை. அன்றைக்குப் பட்டறையில் இதே காரை அப்பன் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டியபோது சிரித்தானே, அந்த முகம் இப்போது வெளுத்துப்போய்விட்டது.

"காலி லாரி" என்றான். "காலி லாரியத்தான செஞ்சு வெச்சிருக்கறன்."

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுமைக்கென்று பட்டை ஏற்றிய லாரி வெறுமனே போனால் அதைவிட ஆபத்தான வண்டி கிடையாது. பட்டை வளையாது, சக்கரம் தரையில் ஒட்டாது, மழைத் தூறலில் பிரேக் போட்டால் பின்பக்கம் முன்னே வந்துவிடும். பழைய டிரைவர்கள் காலி வண்டி என்றால் மணல் மூட்டை தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். இத்தனையும் தெரிந்தவன், ஒரு மனுஷி மட்டும் உட்கார்ந்து போகிற காருக்கு நெல் மூட்டை ஏற்றுகிற மாதிரி கம்பி போட்டிருக்கிறான். வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான். குனியாத வண்டி நல்ல வண்டி என்று பால் குடிக்கிற வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் இது வரும்.

மறுநாளிலிருந்து போட்டதையெல்லாம் கழற்றினான். கம்பெனிக் கம்பியே திரும்பப் போய் உட்கார்ந்தது. அது மாற்றத்தில் சேராது என்பதால் இரண்டு மாற்றமும் மறுபடி கைக்கு வந்தது. அதில் ஒன்றை மண் தடத்துக்கான டயருக்குக் கொடுத்தான். இன்னொன்றை ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்தான். கம்பி குனிந்து எழுந்ததும் சும்மா ஆடிக்கொண்டிருக்காமல் அடக்கிவைக்கிற சாமான் அது என்று எனக்குப் புரியவைத்தான். அப்படியென்றால் சைலன்சர் என்று கேட்டேன். போக வேண்டியதுதான் என்றான். அதைக் கழற்றும்போது மட்டும் வேறு யாரையும் கை வைக்கவிடவில்லை. துணியில் துடைத்து, பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். வண்டியை எழுப்பினால் தையல் மிஷின் மாதிரி சத்தம். லாரிக்காரர்கள், என்ன ஈஸ்வரா, பாட்டியம்மா வண்டியாக்கிட்டியா என்று கேலி பேசினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. சத்யபிரியாவை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, அவள் பாரத்தில் கார் எவ்வளவு இறங்குகிறது என்று தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். இன்னொரு தரம் உட்காரு, இன்னொரு தரம் எந்திரி என்று அவளைத் தோப்புக்கரணம் போடவைத்தான். அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள். அந்த வீட்டில் நான் சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாயிருந்தது.

போட்டி நாள் வந்தது. ஏரிக்கரை முழுக்க ஜனம். கவுண்டர் வீட்டம்மா காளியாத்தாள் அரிசியும் பருப்புஞ்சோறு ஆக்கிப் போசியில் கொண்டுவந்திருந்தார், கூடவே ஒரு கூடை அவித்த முட்டை. நான் தைத்து முடித்த மூடு தார்ப்பாய் மடித்த மடிப்போடு கவுண்டர் பக்கத்தில் இருந்தது. ஈரோட்டுக்காரர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவரைப் பார்த்ததிலிருந்து ஈஸ்வர் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம், இரண்டில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. ஒவ்வொரு காராகக் கிளம்பியது. ஒவ்வொன்றும் உறுமிய உறுமலில் கருவேலமரத்துக் காக்கை எல்லாம் ஊரைவிட்டே போய்விட்டன. சத்யபிரியாவின் கார் வந்து நின்றதும், சத்தத்தைக் கேட்டு யாரோ முட்டை வண்டி வந்திருச்சு என்று கூவினார்கள். கரையே சிரித்தது.

கொடி இறங்கியது. இனி நான் சொல்வதை நம்புகிறவர்கள் நம்பலாம்.

முதல் வளைவுக்கு அவள் போன வேகத்தைப் பார்த்து, போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் வளைவைத் தாண்டியிருந்தது. கரைமேல் கொஞ்சம் முன்னால் ஓடி நின்றேன். அடுத்த வளைவில் பார்த்தேன். கார் ஒரு பக்கம் குனிந்தது. அத்தனை நாளும் இந்தப் பட்டறைப் பக்கத்தில் அவமானம் என்று நினைத்த அந்தக் குனிவு. குனிந்த பக்கத்துச் சக்கரம் மண்ணை இறுகப் பிடித்தது. மறுபக்கத்துச் சக்கரம் பள்ளம் வந்தால் உள்ளே இறங்கித் தொட்டது, மேடு வந்தால் மேலே ஒதுங்கி வழிவிட்டது. கீழே நான்கு சக்கரமும் பேயாக வேலை செய்துகொண்டிருக்க, மேலே அவள் தலைக்கவசம் ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. புழுதி மேலே கிளம்பி வெயிலில் செம்பொன்னாக நின்றது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் இவள் என் கடை வாசலில்தான் முட்டை வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஒருநாள்கூடத் தலையைத் தூக்கிச் சரியாகப் பார்த்ததில்லை. கைராசியாம், கைராசி. என் வாயில் மண்ணைப் போட.

கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. மதகு வளைவில் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். வந்து நின்று தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகத்தில் கண் மட்டும்தான் புழுதி இல்லாமல் இருந்தது. மதகுப் பக்கம் முன்னால் போன வண்டிகளின் புழுதி அடங்கவில்லை, திருப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை என்றாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வழி சொல்லலாம், விதியில் இடம் இருக்கிறது என்று போட்டிக்காரப் பையன் ஒருவன் சொன்னான். அவள் ஈஸ்வரைப் பார்க்கவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஈஸ்வர் காரைப் பார்த்தான். மதகைப் பார்த்தான். பத்து நாளாக அந்தத் தடத்தை விடாமல் நடந்து பார்த்தவன், ஒவ்வொரு கல்லும் அவனுக்குத் தெரியும். கையிலிருந்த தடியை என்னிடம் நீட்டினான். "புடிங்கண்ணா" என்றான். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து, செயற்கைக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்தான்.

கவுண்டர் சோற்றுத் தட்டோடு நின்றிருந்தார். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் பாரத்தில் கார் அந்தப் பக்கம் லேசாகக் குனிந்து நின்றது.

இரண்டாவது ஓட்டத்தில் மதகு வளைவு வந்தபோது கரையிலிருந்த எங்களுக்கே தடம் தெரியவில்லை. வெறும் புழுதிச் சுவர். அந்தச் சுவருக்குள் கார் வேகம் குறையாமல் போய் மறைந்தது. சுவரின் மறுபக்கத்திலிருந்து கார் வெளியே வந்தபோது, இரண்டு தலைக்கவசமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கரை முழுக்க விசிலடித்தது. நானும் அடித்தேன், இந்த வயசில்.

மூன்றாவது இடம். முதல் இரண்டும் பெரிய இஞ்சின் வண்டிகள். ஈரோட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து, வண்டி அருமை, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்று கவுண்டரிடம் சொன்னார். கவுண்டர் தன் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"கோவிச்சுக்காதீங்க. ஆளு உக்காந்திருக்கற வண்டிய எறக்கிவுட்டு விக்கறதுக்கு எனக்கு மனசில்லீங்க. வந்தது வந்தீங்க, ரண்டு வாய் சாப்புட்டுப் போட்டுப் போங்க."

பிறகு என் தார்ப்பாயை எடுத்து உதறி வண்டலில் விரித்தார். மூடு தார்ப்பாய்மேல் எல்லோரும் உட்கார்ந்து பருப்புஞ்சோறு தின்றோம். அத்தனை நுணுக்கமாக ஓரம் அடித்த வேலை, பருப்புக் கறையாகிவிட்டது. போகட்டும்.

சத்யபிரியாவும் ஈஸ்வரும் காரைவிட்டு இறங்கி வரவில்லை. சோறு கொடுத்துவிட்டு வா என்று காளியாத்தாள் என்னைத்தான் அனுப்பினார். கதவு திறந்திருந்தது. ஈஸ்வர் கியர் குமிழின் மேல் கையை வைத்திருந்தான்.

"அடுத்த வருசம் மூணாவதா ஒரு மாத்தம் உடுவாங்களா சத்யா?" என்று கேட்டான்.

"என்ன மாத்தமுங்க?"

அவன் குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "கிளட்ச்சக் கைக்குக் கொண்டாரணும்."

அவள் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு முட்டையை உரித்து அவன் கையில் கொடுத்தாள்.

"அது மாத்தக் கணக்குல சேராதாமுங்க" என்றாள். "பேரு குடுத்த அன்னிக்கே கேட்டு வெச்சுட்டன்."

அவன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். நான் அவன் தடியைக் கதவோரம் சாய்த்துவைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.